கடல் கடவாக் குருவி

தோற்றுவாய்

தூத்துக்குடித் துறையில் நின்று கீழ்த்திசை நோக்குவோர்க்குத் தீவு என்னும் சொல்லுக்குப் பொருள் உரைக்க வேண்டுவதில்லை. தூத்துக்குடி முதல் பாம்பன் வரையில் மன்னார்க் குடாக்கடலில் 21 சிறு தீவுகள் வரிசையாக அமைந்தன. நம் துறைக்கு அணித்தாகிய வான்தீவு முதலியவற்றைக் கடல்மேற் செல்லும் வள்ளக்காரர் நாள்தோறும் காண்கின்றனர். நாற்புறமும் நீர் சூழ்ந்த நிலம் தீவு என்று நாம் இளமையில் மனனம் செய்த இலக்கணம் இவற்றிற்கு முற்றும் பொருந்தும்.

ஆயினும் அவ்விலக்கணம் நிறைவுடையதன்று என்பதனை ஒரு சிறு குருவி நமக்குக் கற்பிக்கின்றது. அது நம் கடலுக்கு அப்பாலுள்ள இலங்கையில் வாழ்வது. உலகில் வேறெந் நாட்டிலும் காணப்படாதது. குளிர்ந்த மலைக்காட்டின் அடிப்புதரிலே ஒளிந்து, பூச்சிகளைப் பொறுக்கித் தின்று, தன் வாழ்நாளை ஒரு மலைச்சரிவிலேயே கழித்து விடுவது. தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே உள்ள தொலைவு ஏறத்தாழ 150 கடல்மைல். சிறகில்லாத நம் முன்னோர் மாலையிற் கப்பலேறி மறுநாட் காலையிற் கொழும்பில் இறங்கினர். வ. உ. சிதம்பரனார் 1906-ஆம் ஆண்டில் தோற்றுவித்த சுதேசி நாவாய்ச் சங்கத்தின் கப்பல்கள் ஓடியதும் இவ்வழியிலேதான். சிறகுடைய இக்குருவியோ அக்கடலைக் கடந்ததில்லை. அது கடவாமைக்குக் காரணம் யாது? அதனால் அதற்கு விளைந்த சிறப்பு யாது, இடர் யாது? இவற்றை இக்கட்டுரையில் ஆராயப் புகுகின்றோம்.

உருவும் ஒழுக்கமும்

இக்குருவிக்குத் தமிழ் மக்கள் இட்டு வழங்கும் பெயர் ஒன்றையும் யாம் கேட்டிலேம். நம் ஊர்க் குளங்களின் நாணலிலும் வேலிப் புதர்களிலும் திரியும், மெல்லிய அலகுடைய சிறு பூச்சியுண்ணிகளைக் கதிர்க்குருவி என்பது பறவை நூலார் வழக்கு. அவ்வழக்கைத் தழுவி இதனை இலங்கைப் புதர்க் கதிர்க்குருவி என்று ஈண்டு வழங்குவோம்.

இதன் நீளம் 14 முதல் 16 சென்டிமீட்டர். நம் வீட்டுச் சிட்டுக்குருவியின் அளவினது என்று கொள்ளலாம். முதுகு கருமை தோய்ந்த பழுப்பு நிறம். வயிறு சாம்பல் நிறம். தொண்டையில் மட்டும் மங்கிய செம்மஞ்சட் சாயல் உண்டு. ஆணுக்குக் கண் செந்நிறம்; பெண்ணுக்கு வெளிறிய மஞ்சட் பழுப்பு. சிறகுகள் குறுகி வட்டமாய் அமைந்தவை. நெடுந்தூரம் பறக்கும் பறவைகளுக்குச் சிறகு நீண்டு கூர்மையாய் இருத்தலை நாம் தகைவிலானிடத்தும் கடற்பறவைகளிடத்தும் காண்கின்றோம். புதருக்குள் நுழைந்து திரியும் பறவைக்கு அவ்வாறான சிறகு இடையூறேயாகும். ஆகவே இக்குருவியின் சிறகே அதன் வாழ்க்கை இத்தகையது என்று சொல்லிவிடுகின்றது.

இஃது ஆணும் பெண்ணுமாக இணைந்து திரியும்; மரவுச்சியை நாடாது; ஆளுயரத்திற்கு மேலே ஏறுவதும் அரிது. மலைக்காட்டின் கீழே அடர்ந்து கிடக்கும் சிறு மூங்கிலும், நெலு என்று சிங்களவர் வழங்கும் செடியுமே இதன் உறைவிடம். அத்தண்டுகளுக்கிடையே தத்தித் தத்திச் சென்று இலையடியிலும் சருகிலும் ஒளிந்துள்ள பூச்சிகளைத் தேடி உண்ணும். கூட்டையும் அப்புதரிலேயே தரைக்கு அணித்தாகக் கட்டும். பாசியும் புல்லும் மூங்கிலிலையும் கொண்டு ஆழ்ந்த கிண்ணம்போல் முடைந்து, உள்ளே மெல்லிய நார்களைப் பரப்பி, இரண்டு முட்டைகள் இடும்.

நெலு என்னும் செடி யாது? அது நம் குறிஞ்சிச் செடியின் பேரினத்தைச் சேர்ந்தது. குறிஞ்சியைப் போலவே பல ஆண்டுகள் பூவாது நின்று, ஒருங்கே பூத்துக் காய்த்து மடிவன அவ்வினத்திற் பல. ஆகவே நம் முன்னோர் வகுத்த ஐந்திணையுள் இக்குருவிக்கு இடம் தேடுவோமாயின், இது பெயரளவிலும் குறிஞ்சி நிலத்துக் குருவியாகும். நாமோ நெய்தல் நிலத்தார். நெய்தலில் நின்று நோக்குவோர்க்குக் குறிஞ்சியின் செய்தி எளிதிற் புலப்படாமை இயல்பே.

யாம் நுவரெலியாவில் உறவினர் இல்லத்தில் ஒரு வாரம் தங்கியிருந்த காலத்து, மூன்று நாட் காலையில் ஹக்கலைப் பூந்தோட்டத்தின் எல்லையில், மலைக்காடு தொடங்கும் இடத்தில் காத்திருந்தோம். சீதாபிராட்டி சிறையிருந்த அசோகவனம் என்று மக்கள் காட்டும் சீதா எலிய என்னும் இடம் அதற்கு அணித்தே உள்ளது. முதல் இரு நாளும் குரலே கேட்டது, சுருக்கென்று குத்துவது போன்ற குறுங்குரல், நான்கு முழத்திற்கு அப்பால் என்று தோன்றும், நோக்கினால் இலை அசையும், பறவை புலப்படாது. மூன்றாம் நாள் பனிமூட்டம் விலகும் வேளையில், ஒரு தண்டின் அடியிலிருந்து சிவந்த கண்ணொன்று எம்மை நோக்கிற்று. மூச்சு இரண்டு விடும் நேரம் நின்று மறைந்தது. அவ்வளவே யாம் பெற்ற காட்சி.

எம்முடன் வந்த முதியவர் ஒருவர் அம்மலையிலேயே பிறந்து தேயிலைத் தோட்டத்தில் உழைத்தவர். அவர்தம் பாட்டனார் திருநெல்வேலிச் சீமையிலிருந்து சென்றவராம். அவரிடம் இக்குருவியின் பெயரை வினவினோம். "சின்ன வயசிலேர்ந்து இந்தச் சத்தம் கேக்கிறேங்க ஐயா, பேரு சொல்லி யாரும் கேட்டதில்லை" என்றார். அம்மொழி எம் நெஞ்சில் தங்கிற்று.

பெயர் பெற்ற வரலாறு

மக்கள் பெயரிடாத இக்குருவிக்குக் கற்றோர் பெயரிட்ட ஆண்டு 1851. கல்கத்தா ஆசியக் கழகத்துக் காட்சிசாலையின் காப்பாளராய் விளங்கிய எட்வர்டு பிளித் என்பவர் அவ்வாண்டில் இதன் விவரத்தை வெளியிட்டனர். பாலிசர் என்பாரின் பெயர் இதற்குச் சூட்டப்பட்டது. பின்னர் இலங்கைப் பறவைகளைக் குறித்துப் பெருநூல் இயற்றிய வில்லியம் வின்சென்ட் லெக் என்னும் படைத்தலைவர், இஃது ஏனைக் குருவிகளோடு ஒன்றாமை கண்டு, 1879-ஆம் ஆண்டில் இதற்கெனத் தனிப் பேரினம் ஒன்றை வகுத்தார். எலாஃப்ரோர்னிஸ் என்பது அதன் பெயர். கிரேக்க மொழியில் நொய்ய பறவை என்று பொருள்படும். அப்பேரினத்தில் இன்றளவும் இஃதொன்றே உளது. ஒரு குடிக்கு ஒரு பிள்ளை என்னும் நிலைமை இதனது.

அக்காலத்து இலங்கையிலிருந்து பிளித்துக்குப் பறவைகளின் தோல்களையும் குறிப்புக்களையும் அனுப்பி உதவியவருள் இருவர் தலைசிறந்தவர். ஒருவர் எட்கர் லேயார்டு. மற்றொருவர் எட்வர்டு பிரெடரிக் கெலார்ட். கெலார்ட் இலங்கையிலே 1819-இல் பிறந்தவர். படை மருத்துவராய்ப் பணியாற்றியவர். நுவரெலியா மலையில் இருந்த காலத்தில் அங்குள்ள விலங்கு பறவைகளை ஆராய்ந்து, 1852-ஆம் ஆண்டில் இலங்கை விலங்கினங்களைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். அவரை ஈண்டு விரித்துக் கூறுவதற்குக் காரணம் உண்டு. மலைக்குருவிகளை ஆராய்ந்த அவரே நம் மன்னார்க் குடாக்கடலின் முத்துச்சிப்பியையும் ஆராய்ந்தவர்.

முத்துப்பாரும் மலைக்காடும்

முத்துக்குளிப்பு ஓராண்டு பெருஞ்செல்வம் தந்து பல்லாண்டு பொய்த்துப் போதல் கண்டு கவலையுற்ற இலங்கை அரசினர், 1857-ஆம் ஆண்டளவில் சிப்பியின் இயல்பை ஆராயுமாறு கெலார்டை ஏவினர். சிப்பி தன்னைப் பாறையோடு பிணித்துள்ள நூற்கற்றையை விட்டு, இடம் பெயர்ந்து, மீண்டும் புதுநூல் உண்டாக்கிப் பற்றிக்கொள்ள வல்லது என்று அவர் கண்டறிந்தார். சிப்பியினுள் வாழும் சிறு புழுக்களுக்கும் முத்தின் தோற்றத்திற்கும் தொடர்புண்டு என்றும் கருதினார். 1860-ஆம் ஆண்டில் இங்கிலாந்துக்குச் செல்லும் கடற்பயணத்திலே அவர் உயிர் நீத்தார்; அகவை நாற்பது.

முத்துப்பாரின் இயல்பு நம்மவர்க்குப் புதியதன்று. தொல்லாயிரம் பார் முதலிய பார்களிலே ஒருகாற் சிப்பி குவிந்து கிடக்கும். மறுமுறை சென்று நோக்கின் வெறும் மணலே கிடக்கும். பல்லாண்டு கழித்து மீண்டும் நிறையும். இதற்குக் காரணம் சிப்பியின் இளமைப் பருவம். முட்டையினின்று தோன்றிய சிப்பிக்குஞ்சு கண்ணுக்குப் புலனாகாத நுண்ணுயிராய்ச் சில வாரம் நீரிலே மிதந்து, நீரோட்டத்தால் உந்தப்பட்டு, தக்க இடம் கண்டவிடத்துப் பற்றிக்கொள்கின்றது. ஆகவே ஒரு பார் அழியினும் மற்றொரு பாரிலிருந்து விதை வருதல் கூடும். கடல் அவற்றைப் பிரிப்பதற்கு மாறாக இணைக்கின்றது.

அங்ஙனமிருந்தும், தூத்துக்குடிக் கடலில் 1955 முதல் 1961 வரை நடைபெற்ற குளிப்புக்களுக்குப் பின்னர் பெருமுத்துக்குளிப்பு நிகழவில்லை. விதை வருதற்கு வழியுள்ள முத்துப்பாரே இந்நிலை எய்துமாயின், விதை வர வழியில்லாத மலைக்காட்டின் நிலை யாதாகும்? இலங்கையின் நடுமலைக் காட்டில் புதர்க் கதிர்க்குருவி அற்றுப்போகுமாயின், அதனை மீண்டும் கொணர வேறு பார் இல்லை. வேறு கரை இல்லை. ஓரிடத்திற்கே உரிய உயிர் என்று நூலார் கூறுவதன் பொருள் இதுவே. அச்சொல்லிற் பெருமை பாதி, அச்சம் பாதி.

பிரித்தது எது?

இனி, இக்குருவியை நம் நிலத்தினின்று பிரித்தது எது என்று ஆராய்வோம். கடல் என்று விடை கூறுதல் எளிது. ஆனால் அவ்விடை போதாது என்பதற்கு மூன்று சான்றுகள் காட்டுவோம்.

முதலாவது, அக்கடல் எப்பொழுதும் அங்கிருந்ததன்று. பாக்கு நீரிணை பெரும்பாலும் ஆழமற்றது. பல இடங்களில் பத்துப் பன்னிரண்டு மீட்டரே ஆழம். ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன்னர், உலகின் நீரிற் பெரும்பகுதி பனிக்கட்டியாய் உறைந்திருந்த காலத்தில், கடல்மட்டம் இன்றைக்கு 120 மீட்டர் அளவு தாழ்ந்திருந்தது. அப்பொழுது இராமேசுவரத்திலிருந்து மன்னாருக்கு நடந்தே செல்லலாம். அத்தகைய நிலப்பாலம் அதற்கு முன்னரும் பலமுறை தோன்றி மறைந்துள்ளது. பாலம் இருந்த காலத்தும் குருவி வாராமையின் கடல் மட்டும் காரணமாகாது.

இரண்டாவது, அதே மலைக்கு அதே அளவுள்ள பறவைகள் கடல் கடந்து வருகின்றன. காச்மீர ஈப்பிடிப்பான் என்னும் சிறு பறவை காச்மீரத்துக் காடுகளிற் குஞ்சு பொரித்து, ஏறத்தாழ 3,000 கிலோமீட்டர் பறந்து, குளிர்காலத்தை இலங்கை மலைநாட்டிற் கழிக்கின்றது. நுவரெலியா நகரத்துப் பூங்காவிலேயே அதனைக் காணலாம். அது புதர்க் கதிர்க்குருவியினும் சிறியது, அதுவும் பூச்சியுண்ணியே. நம் ஊர்த் தோட்டங்களில் மாலை ஆறு மணியளவிற் குரல் கொடுப்பதால் ஆறுமணிக் குருவி என்று பெயர் பெற்ற வண்ணப்பறவையும், வடநாட்டிலிருந்து வந்து கடல் தாண்டி இலங்கைக்கும் செல்கின்றது. ஒரு மலையில் இரு குருவிகள்: ஒன்று பாரத நாடு முழுவதையும் ஆண்டுக்கு இருமுறை அளந்து செல்வது; மற்றொன்று அடுத்த பள்ளத்தாக்கையும் தாண்டாதது.

மூன்றாவது, அதன் உறவினர் நம் பக்கத்திலே உள்ளனர். 2018-ஆம் ஆண்டில் வெளியான மரபணு ஆய்வு ஒன்று இக்குருவியின் குடும்பம் முழுவதையும் ஒப்பிட்டு நோக்கிற்று. இதற்கு அணுக்கமான உறவினருள் ஒன்று, நம் மேலைமலைத் தொடரின் உயர்ந்த புல்வெளிகளில் வாழும் அகன்ற வாலுடைய புற்குருவி என்று அதனால் விளங்கிற்று. இரண்டின் முன்னோரும் ஒருகாலத்தில் ஒன்றாயிருந்து, பின்னர்ப் பிரிந்து, ஒன்று காட்டின் இருளையும் மற்றொன்று புல்வெளியின் ஒளியையும் தமக்கு வீடாக்கிக் கொண்டன.

ஆகவே பிரித்தது யாது? நாம் நாள்தோறும் மிதித்து நடக்கும் இந்நிலமே என்பது எம் துணிபு. பொதிய மலைக்கும் நுவரெலியாவுக்கும் இடையே கிடப்பவை எவை? நம் தேரி மணலும், பனங்காடும், உடைமரக் காடும், கரிசல் நிலமும், அக்கரையில் மன்னார் புத்தளத்தின் வறண்ட புதர்க்காடும். குளிரும் ஈரமும் இருளும் வேண்டும் குருவிக்கு இவ்வெயில்நிலம் கடலினும் கொடியது. கடல் வற்றி நிலமான காலத்தும் வெயில் வற்றவில்லை. நண்டு, தவளை, மீன், பாம்பு முதலியவற்றைக் குறித்து 2004-ஆம் ஆண்டில் வெளியான ஆய்வும், நிலப்பாலங்கள் பலமுறை தோன்றியிருந்தும் இலங்கையின் உயிர்கள் பல நெடுங்காலமாகத் தனித்தே வளர்ந்தன என்று காட்டுகின்றது.

இதற்கு நம் மலைகளிலேயே ஒப்புமை உண்டு. மேலைமலைச் சோலைகளில் வாழும் நீலநிறச் சிறுகுருவிகளை வி. வி. ராபின் முதலிய அறிஞர் ஆராய்ந்து, 2017-ஆம் ஆண்டில் அவற்றிற்குத் தனிப் பேரினம் வகுத்தனர். பாலக்காட்டுக் கணவாயின் வடபால் ஓர் இனமும் தென்பால் மற்றோர் இனமும் வாழ்கின்றன. முப்பது நாற்பது கிலோமீட்டர் அகலமுள்ள தாழ்ந்த வெப்பநிலம் அவற்றைப் பிரித்துவிட்டது. அங்கே கடல் ஏது? அப்பேரினத்திற்கு அவர்கள் இட்ட பெயர் சோலிக்கோலா; சோலையில் வாழ்வது என்பது அதன் பொருள். நம் தமிழ்ச்சொல் ஒன்று இவ்வாறு உலகத்துப் பறவை நூல்களில் ஏறியிருத்தலை நம்மிற் பலர் அறியார்.

எனவே தீவு என்பதற்கு இலக்கணம் திருத்த வேண்டியதாகின்றது. ஓர் உயிர் தான் வாழ வல்ல இடத்தைச் சூழ்ந்து, தான் வாழ மாட்டாத இடம் கிடக்குமாயின், அவ்வுயிர்க்கு அது தீவு. சூழ்ந்தது உப்புநீராயினும் ஒக்கும், வெயில்மணலாயினும் ஒக்கும். இலங்கைப் புதர்க் கதிர்க்குருவி தீவினுள் தீவில் வாழ்கின்றது. ஏறத்தாழ 1,000 மீட்டர் உயரத்திற்குக் கீழே அதனைக் காண்டல் அரிது. 1,500 மீட்டருக்கு மேலேயே அது மிகுதி. ஹக்கலை, ஹோர்ட்டன் சமவெளி, 2,524 மீட்டர் உயர்ந்து நிற்கும் பிதுருதாலகாலை ஆகிய மலைகளின் காடுகளே அதன் உலகம்.

காட்டை வெட்டிய கை

அவ்வுலகம் சுருங்கிய வரலாற்றில் நம் கரைக்கும் பங்குண்டு. அதனை மறைத்தல் கல்விக்கு அழகன்று.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஆங்கிலேயர் இலங்கை மலைகளில் காப்பி பயிரிடத் தொடங்கினர். காடு வெட்டவும் கொட்டை பறிக்கவும் தமிழ் மாவட்டங்களிலிருந்து ஏழை மக்கள் பல்லாயிரவர் சென்றனர். 1869-ஆம் ஆண்டில் இலைத்துரு என்னும் காளான் நோய் தோன்றிக் காப்பியை அழித்தது. ஜேம்சு டெய்லர் 1867-ஆம் ஆண்டில் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் பயிரிட்டுக் காட்டிய தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. தேயிலை காப்பியினும் உயர்ந்த மலைகளில் வளரவல்லது. ஆதலின் கோடரி மேலும் மேலே ஏறிற்று. தோட்டங்களுக்குச் செல்வோர் தங்குதற்கு மண்டபத்திலும், நம் தூத்துக்குடிக்கு அணித்தாகிய தட்டப்பாறையிலும் முகாம்கள் இருந்தன. அங்ஙனம் சென்றவர் பட்ட இன்னல் தனியே உரைத்தற்குரியது. காட்டை வெட்டிய கை நம்மவர் கை. வெட்டுவித்தது அவர்தம் வறுமையும் பிறர்தம் ஆதாயமும்.

அக்காடு முற்றும் ஒழியாமல் எஞ்சியதற்கு ஓர் ஆணை காரணமாயிற்று. கியூ தாவரத் தோட்டத்தின் தலைவராயிருந்த ஜோசப் ஹூக்கர் என்னும் தாவரநூல் அறிஞர், 5,000 அடிக்கு மேற்பட்ட மலைக்காடுகளைத் தொடாது விடவேண்டும் என்று அறிவுரை கூறினர். 1873-ஆம் ஆண்டில் அதற்கேற்ப ஆணை பிறந்தது. ஆற்றின் ஊற்றுக்கண்கள் அம்மலைகளிலே உள்ளமையின் காடு அழியின் நீர் அழியும் என்பதே அக்காவலின் உட்பொருள். குருவியை எவரும் எண்ணிலர்; எனினும் குருவி பிழைத்தது. ஆணையின் எல்லையும் குருவியின் எல்லையும் ஏறத்தாழ ஒன்றாய் அமைந்தமை அதன் நல்லூழ். ஹோர்ட்டன் சமவெளி 1969-இல் வனவிலங்குப் புகலிடமாகவும், 1988-இல் தேசியப் பூங்காவாகவும் அறிவிக்கப்பட்டது. 2010-ஆம் ஆண்டில் இலங்கையின் நடுமலைநாடு உலக மரபுச் செல்வங்களுள் ஒன்றாக ஏற்கப்பட்டது.

இதனால் இடர் நீங்கியது என்று எண்ணுதல் பொருந்தாது. எஞ்சிய காடு துண்டு துண்டாய்க் கிடக்கின்றது. ஹோர்ட்டன் சமவெளியில் மரங்கள் நின்றபடியே பட்டுப்போதல் பல்லாண்டாகக் காணப்படுகின்றது. அயல்நாட்டிலிருந்து வந்த முட்செடிகள் இடத்தைக் கவர்கின்றன. உலகின் வெம்மை மிகுந்து வருதலும் அறிந்ததே. சமவெளியில் வாழும் பறவை வெம்மைக்கு அஞ்சி மலையேறலாம். மலையுச்சியில் வாழும் பறவை எங்கே ஏறும்? இயற்கைப் பாதுகாப்புக்கான பன்னாட்டுச் சங்கம் இக்குருவியை, அழியும் நிலையை நெருங்கி நிற்கும் இனங்களுள் வைத்து எண்ணுகின்றது. வெட்டும் கையைத் தடுக்க ஓர் ஆணை போதியதாயிருந்தது. வெம்மையைத் தடுக்க ஒரு நாட்டின் ஆணை போதாது.

முடிவுரை

நம் கடலிலேயே இதற்குப் பாடம் உண்டு. தூத்துக்குடியை அடுத்த விலாங்குசல்லித் தீவைச் சூழ்ந்திருந்த பவளப்பாறைகளைச் சுண்ணாம்புக்கென நெடுங்காலம் அகழ்ந்தனர். அலையைத் தடுக்கும் அரண் போயிற்று, மண் கரைந்தது, தீவு கடலுள் அமிழ்ந்தது. முற்கூறிய 21 தீவுகளுள் இவ்வாறு அமிழ்ந்தவை இரண்டு. 1986-ஆம் ஆண்டில் அத்தீவுகளும் சூழ்கடலும் கடல்வாழ் உயிர்களுக்குரிய தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. ஆயினும் போன தீவு மீளவில்லை. சுண்ணாம்பு வேறிடத்திற் கிடைக்கும், தீவு கிடைக்குமோ? எப்பொருள் எவ்விடத்தும் கிடைக்கும், எப்பொருள் ஓரிடத்தே கிடைக்கும் என்று பகுத்தறிதலே இயற்கை நூல் கற்றதன் முதற்பயன் என்போம்.

மாணவ நண்பர்காள்! இலங்கை மலைக்குச் செல்லுதல் நம் அனைவர்க்கும் இயல்வதன்று. ஆயின் களக்காடு, முண்டந்துறை மலைகள் நமக்கு அரைநாட் பயணத்தில் உள்ளன. அங்கும் செங்கோட்டைக் கணவாயைத் தாண்டி வடக்கே செல்லாத பறவைகள் உள்ளன. அவையும் தீவினுள் வாழ்வனவே. நம் தேரியிலும் உப்பளத்திலும் வாழும் பறவைகளையேனும் நாம் பெயர் சொல்லி அறிவோமா? வலசை வரும் காலத்தில் நம் உப்பளங்களில் நிற்கும் பறவைகளுள் எத்தனைக்கு நம் பாட்டிமார் பெயர் வைத்திருந்தனர், அவற்றுள் எத்தனையை நாம் மறந்தோம்?

ஆகவே ஒன்று வேண்டுகின்றோம். விடுமுறையில் ஊர் செல்லும் மாணவர் ஒவ்வொருவரும் ஒரு குறிப்பேடு கொண்டு செல்க. கண்ட பறவையின் நிறம், குரல், இருந்த இடம், நாள் ஆகியவற்றை எழுதுக. அவ்வூர் முதியோரிடம் அதன் பெயரை வினவி, அவர் சொன்னவாறே பதிவு செய்க. கெலார்ட் என்னும் மருத்துவர் தம் அலுவலுக்கு இடையே செய்தது இதனினும் வேறன்று. கடல் கடந்து உழைக்கச் சென்ற ஒரு குடியின் பேரர், பிறந்த நாள் முதற் கேட்ட குரலுக்குப் பெயர் அறியாதிருந்தமைக்கு அவர் பொறுப்பாளர் அல்லர். அவர்க்குக் காலையும் மாலையும் கொழுந்து பறிக்கவே போதியதாயிருந்தது. ஓய்வும் கல்வியும் பெற்ற நமக்கு அவ்வாறு சொல்ல இயலாது.

அம்முதியவரிடம் விடைபெறும்பொழுது, யாம் கண்ட சிவந்த கண்ணை அவர்க்கு விவரித்து, இலங்கைப் புதர்க் கதிர்க்குருவி என்று சொன்னோம். ஒருமுறை மெல்லச் சொல்லிப் பார்த்தார். பிறகு, "இங்க மட்டுந்தான் இருக்குதுங்களா?" என்று வினவினார். ஆம் என்றோம். அவர் திரும்பி அக்காட்டை நோக்கிய நோக்கில், அதுவரை இல்லாத ஓர் உரிமை தோன்றிற்று. பெயரறிதலால் வரும் பயன் இதுவே என்று யாமும் அன்று கற்றோம்.